சித்தப்பாவுக்குக் கொண்டுவந்த டெக்கீலா

என் சித்தப்பாவுக்குக் கண் போனது அம்பத்தூர் ஏரிக்கரையில் குடித்த சாராயத்தால். அறுபதுகளின் நடுவில் நடந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஆனாலும் குடிக்க நினைத்தவனுக்கு ஏரிக்கரைக் கருவேலம் புதருக்குப் பின்னால் ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. சில நாள் காய்ச்சிய சாராயம். அது வராத நாளில், மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷில் என்னென்னவோ கலந்து துணியில் வடிகட்டிய தண்ணீர். இரண்டுக்கும் ஒரே தகரக் குவளைதான்.

எங்கள் தாத்தா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். தொழிற்சாலைகளுக்காக அம்பத்தூர் எஸ்டேட் வந்தபோது அந்த நிலமும் போயிற்று, கூலியும் போயிற்று. அப்பாவுக்கு ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு அம்பத்தூரிலேயே இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் மணல் அச்சு கட்டும் வேலை. அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி. இருவருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே உலையின் அனல். சனிக்கிழமை வேலை முடிந்தால் சித்தப்பா வீட்டுக்குத் தாமதமாக வருவார். வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகப் போய்ப் படுத்துக்கொள்வார். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை அவர் திரும்பவே இல்லை. மறுநாள் காலையில் ஏரிக்கரை வழியாகப் பால் கொண்டுபோன ஒருவர் இரண்டு பேர் விழுந்து கிடப்பதைப் பார்த்து ஆள் அனுப்பினார். மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கூட்டாளி அன்று பொழுது சாய்வதற்குள் இறந்துவிட்டார். சித்தப்பா பிழைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நன்றாக வெயில் ஏறியிருந்தது. ஜன்னல் வழியாக அவருடைய கட்டில் மேலேயே விழுந்தது. கண்ணைத் திறந்தவர் என் கையைத் தடவிப் பிடித்து, "லைட்டப் போடேன்டா, இன்னாடா இப்டி இருட்டா கீது?" என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஃபிட்டர் பயிற்சியில் இருந்தேன். எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்ததை நான் மறக்கவில்லை. இறந்துபோனவரின் மனைவி இடுப்பில் குழந்தையோடு, சித்தப்பாவைப் பார்க்கவேண்டும் என்று வந்து நின்றாள். புருஷனை அடக்கம் செய்த மறுநாள் அது. அப்பா அவளை உள்ளே விடவில்லை.

"உம் புருசந்தான் எந்தம்பிய இஸ்துகினு போயி கெடுத்தான். அவன் போய்ட்டான். இவன் குருடாயி கெடக்கறான். இன்னும் இன்னாத்துக்கு வந்து நிக்கிற?"

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே படுத்திருந்த சித்தப்பாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போலீஸ் வந்து விற்றது யார் என்று கேட்டபோது, "இருட்டு சார், மூஞ்சி தெர்ல" என்று ஒரே பதிலைச் சொன்னார். அப்பா பலமுறை கேட்டும் அதே பதில். கூட்டாளிதான் தன் தம்பியைக் கெடுத்தான் என்பது எங்கள் வீட்டில் முடிந்துபோன விஷயமாகிவிட்டது. அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. அவள் குழந்தையோடு மாங்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பிறகும் ஆகவில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் சேந்திக் கொடுப்பார், மாவு அரைப்பார், சாயங்காலம் தடியைத் தட்டிக்கொண்டு தனியாக ஸ்டேஷன் வரை போய்விட்டு வருவார். எதிரில் வருகிறவர் ஒரு வார்த்தை பேசினால் போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவார். குடியைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

நான் கப்பலுக்குப் போனது அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து. எஸ்டேட்டில் என் முதலாளிக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக பம்பாயில் ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை கிடைத்தது. எந்திரங்களுக்கு எண்ணெய் போடுவது, வால்வு பார்ப்பது, கசடு அள்ளுவது. விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஊர்களைப் பற்றிக் கேட்பார். குளிர் எப்படி இருக்கும், கடல் சத்தம் உள்ளே கேட்குமா, என்ன சாப்பிடுவார்கள். ஒருமுறை அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்த ஊர்ல எல்லாம் குடிப்பாங்களாடா?"

"குடிப்பாங்க சித்தப்பா. எல்லா ஊர்லயும் கடை கீது."

"குடிக்கறவனுக்கெல்லாம் கண்ணு நல்லா தெரியுதா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். தெரிகிறது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

மறு பயணத்தில் எங்கள் கப்பல் மெக்சிகோவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் பழுதாகி நின்றது. வார்ப்புப் பாகம் ஒன்று எங்கிருந்தோ வரவேண்டியிருந்ததால் சில வாரங்கள் அங்கேயே கிடந்தோம். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. அதில் மூட்டை தூக்குகிறவர்களும் மீன்காரர்களும் வந்து உட்காரும் ஒரு சின்ன பார். கோவாக்காரரான எங்கள் சமையற்காரருக்கு அவர்களுடைய பாஷை பாதி புரியும். அவரோடு நானும் போனேன்.

கடைக்காரக் கிழவர் எனக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்தார். தேன் நிறத்தில் இருந்தது. எடுத்து ஒரே மடக்கில் விழுங்கினேன். எனக்குத் தெரிந்த குடி அப்படித்தான். ஏரிக்கரையில் எவன் ருசி பார்த்தான்? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும், யாரும் வருவதற்குள் போய்விட வேண்டும். கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். சமையற்காரர் சிரித்தார்.

"இது மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா கிடந்து வந்திருக்கு. இதுக்கு ஒதுக்க உங்கிட்ட அரை மணி நேரம் கிடையாதான்னு கேக்கறாரு."

கிழவர் மறுபடியும் ஊற்றினார். இந்த முறை குவளையைத் தள்ளாமல் தன் விரலை அதன் விளிம்பில் வைத்துக்கொண்டு, முதலில் முகர்ந்து பார், பிறகு நாக்கில் ஒரு துளி வை என்று சைகை செய்தார். அதன் பெயர் டெக்கீலா என்றும், ஓக் மரப் பீப்பாயில் ஊறியதால் அந்த நிறம் வந்தது என்றும் சமையற்காரர் விளக்கினார். சுற்றிலும் பார்த்தேன். கூலி வேலை முடித்து வந்தவர்கள் ஆளுக்கு ஒரு சின்னக் குவளையை முன்னால் வைத்துக்கொண்டு மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்ததும் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடந்தார்கள். எனக்கு சித்தப்பா ஞாபகம் வந்தது. கப்பல் கிளம்புவதற்கு முன் கிழவரிடம் சொல்லி அதே சரக்கில் ஒரு பாட்டில் வாங்கி, பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி வைத்தேன்.

நான் ஊர் திரும்பியபோது இங்கே மதுவிலக்கைத் தளர்த்தியிருந்தார்கள். சாராயக்கடை, கள்ளுக்கடை, பிராந்திக்கடை எல்லாம் பட்டப்பகலில் பலகை மாட்டிக்கொண்டு திறந்திருந்தன. அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிராந்திக்கடையும், அதை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை இறக்கிப் பெஞ்சு போட்ட இடமும் வந்திருந்தன. எல்லோரும் அதை பார் என்றே சொன்னார்கள்.

பாட்டிலைச் சித்தப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார்.

"இது இன்னாத்துல செஞ்சதுடா?"

"கத்தாழையில. நம்ம ரயில் ரோட்டோரம் முள்ளும் மொரடுமா நிக்குதே, அது மாரிதான். அத்தோட கெழங்க சுட்டு, புளிக்க வெச்சு எறக்கறாங்க."

"கத்தாழையா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகக் கேட்டதில்லை. மூடியைத் திறந்து மூக்குக்கு அருகில் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "மூடிடு, மூடிடு" என்றார்.

அப்பாவுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. "இந்த ஊட்டுக்குள்ள அது தொறக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்தது தப்போ என்று எனக்குத் தோன்றியது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, சில நாள் கழித்து சித்தப்பாவே கேட்டார்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் பாருக்குப் போலாமா?"

"போலாம் சித்தப்பா. பூந்தமல்லிக்குப் போய்டலாம். அங்க நம்மள ஆருக்கும் தெரியாது."

"வாணாம். ஸ்டேஷன்கிட்ட கீதே, அங்கதான் போவணும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஞாயிறு வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். சித்தப்பா சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டிருந்தார். பாட்டிலைத் துண்டில் சுற்றி நான் எடுத்துக்கொண்டேன். பாரில் கூட்டம் இல்லை. ஃபினாயில் வாசனையும் ஊறுகாய் வாசனையும் கலந்து அடித்தன. ரயில் போகும்போது இரும்பு மேஜைகள் லேசாக நடுங்கின. ஓரத்து மேஜை ஒன்றில் உட்கார்ந்து, துண்டைப் பிரித்து பாட்டிலை வைத்தேன். உடனே கடைக்காரர் வந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், தூய வெள்ளைச் சட்டை.

"தம்பி, வெளி சரக்க இங்க வெச்சுக் குடிக்கக் கூடாது. இது தொழில் நடக்கற எடம்."

சித்தப்பா அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "இது வெளிநாட்டு சரக்குபா," என்றார் அமைதியாக. "வார்னிஷ் இல்ல."

கடைக்காரர் அப்போதுதான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரே குவளைகளைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். இரண்டு குவளைகள்.

"இன்னொண்ணு கொண்டா. நீயும் குந்து," என்றார் சித்தப்பா.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏரிக்கரையில் விற்றவர் இவர். சித்தப்பா தடியைத் தட்டிக்கொண்டு இந்த வழியாகப் போகும்போது என்றோ இந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். கேட்டும் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து அந்த ஆளின் வெள்ளைச் சட்டையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. சித்தப்பா என் முழங்கை மேல் கையை வைத்தார். "கம்முனு ஊத்து" என்றார்.

கடைக்காரர் இன்னொரு குவளையோடு வந்து உட்கார்ந்தார். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சித்தப்பா குவளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நீ மொதல்ல குடி," என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். எடுத்து ஒரே மடக்காக விழுங்கிவிட்டு இருமினார். சித்தப்பா தலையைச் சாய்த்து அவருடைய இருமலையும், அது அடங்கி மூச்சு சீராவதையும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆவடிப் பக்கம் போகும் ஒரு ரயில் வந்து நின்று, கிளம்பிப் போயிற்று.

"அன்னிக்கு நீ குடிச்சியா?" என்று கேட்டார் பிறகு.

"இல்ல அண்ணாத்தே."

"தெரிஞ்சு குடுத்தியா?"

"சத்தியமா தெரியாது. டின்னுல வந்துது. சரக்குன்னு சொல்லித்தான் எங்கிட்ட தள்ளுனாங்க." கடைக்காரர் காலிக் குவளையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "ஆனா நா ஒரு சொட்டு வாயில வெச்சுப் பாத்திருக்கலாம். வெச்சுப் பாக்கல. அதான் நா செஞ்சது."

சித்தப்பா தன் குவளையை இரண்டு கையாலும் எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டார். நான் கிழவரிடம் கற்றதைச் சொன்னேன்: "அவசரம் வாணாம் சித்தப்பா. மொதல்ல மோந்து பாரு. அப்பால நாக்குல ஒரு சொட்டு." அவர் வெகுநேரம் முகர்ந்தார். பிறகு உதட்டில் வைத்து நனைத்துக்கொண்டார். விழுங்கினார். காத்திருந்தார். நாங்கள் இருவரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எரியல," என்றார். "சூடா எறங்குது. எரியல."

இன்னொரு வாய் குடித்தார். "மொதல்ல வெல்லம் மாரி கீது. அப்பால, மழைல நனைஞ்ச மரக்கடை வாசனை. கடசீல மெளகு." முகம் தளர்ந்தது. பெஞ்சில் சாய்ந்துகொண்டார். நானும் ஒரு வாய் குடித்தேன். கிழவரின் தெருவில் குடித்ததைவிட நன்றாக இருந்த மாதிரி இருந்தது. அது அப்படி இருக்க நியாயமில்லை. ஆனால் இருந்தது. பக்கத்து மேஜையில் குவார்ட்டரை சோடாவோடு கவிழ்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, கஷாயமா சாப்புடற?" என்று கேட்டார். சித்தப்பா, "ஆமாபா, கஷாயந்தான்" என்றார்.

வெளிச்சம் மங்கும்வரை அந்த ஒரு குவளையைக் குடித்தார். எனக்குத் தெரிந்து அம்பத்தூரில் அவ்வளவு மெதுவாக யாரும் குடித்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் எழுந்து போய் வியாபாரத்தைக் கவனிப்பதும் திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தார். விளக்கு போட்ட பிறகு அவர்தான் கேட்டார்.

"போலீஸ்ல எம் பேர ஏன் சொல்லல? தெனம் பயந்துகினே கெடந்தேன்."

"உன்னக் காப்பாத்தறதுக்கு இல்ல," என்றார் சித்தப்பா. "உன்னப் புடிச்சா, ஆரு ஆர கூட்டிகினு வந்ததுன்னு உங்கிட்ட கேப்பாங்க. நீ சொல்லிடுவ."

கடைக்காரர் குனிந்துகொண்டார். எனக்கு விளங்கவில்லை. "இன்னா சித்தப்பா சொல்ற?" என்றேன்.

"அவன் வரலன்னுதான்டா சொன்னான். அன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும் அவனுக்கு இஷ்டம் கெடையாது. நாந்தான் கையப் புடிச்சு இஸ்துகினு வருவேன். தனியா குடிக்க எனக்குப் புடிக்காது." குவளையைக் கீழே வைத்தார். "உங்கப்பன் ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணப் பாத்துக் கத்துனானே, கேட்டுகினேதான் படுத்திருந்தேன். அப்பவே சொல்லி இருக்கணும். கண்ணு போச்சேன்னு எம் மேல எல்லாருக்கும் பாவமா இருந்துச்சு. அத்த விட மனசு வரல."

நான் மீதிப் பாட்டிலை மூடினேன். கிளம்பும்போது கடைக்காரர் வாசல்வரை வந்து, படியில் சித்தப்பாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். சித்தப்பா கையை உதறவில்லை.

வீட்டில் அப்பா விழித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "கைக்கொழந்தையோட வந்தவள..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். அம்மா இருவருக்கும் சோறு போட்டுவைத்தாள். யாரும் சாப்பிடவில்லை.

என் விடுமுறை முடிவதற்கு முன் நாங்கள் மூன்று பேரும் மாங்காட்டுக்குப் போனோம். பூந்தமல்லியில் பஸ் மாறி இறங்கினோம். கூட்டாளியின் மனைவி கோயில் வாசலில் சாக்கு விரித்து எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருப்பதாக விசாரித்ததில் தெரிந்தது. வேண்டுதலுக்குப் பழம் வாங்குகிற கூட்டம் அவளைச் சுற்றி நின்றது. பக்கத்தில் ஒரு சிறுமி பழங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாக்காரி எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். முகம் இறுகியது.

"வேவாரத்துல கீறேன். அப்பால வாங்க," என்றாள்.

நாங்கள் எதிரில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். உச்சி பூஜை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மகளிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளே வந்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பாதான் பேசினார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அவன் வரமாட்டேன் என்றதையும், தான் இழுத்துப்போனதையும், ஆஸ்பத்திரியில் கேட்டும் கேளாதவன் போலப் படுத்திருந்ததையும்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை. அழவும் இல்லை. "அவருக்குக் குடி புடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஒலகம் பூரா சொல்லிச்சு, நா ஒருத்தி இல்லன்னு சொல்லி ஆரு கேக்கப் போறாங்க?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றாள் அவள். "கடசியா இன்னா பேசுனாரு?"

"மழ வர மாரி கீது, ஊட்ல துணி காயுது, சீக்கிரம் போவணும்னு சொன்னான்மா. எழுந்திரிக்கப் பாத்தான். முடியல. அதுக்கப்பால பேசல."

அவள் கோயில் கோபுரத்துப் பக்கம் பார்த்தாள். "அன்னிக்கு மழ வரவே இல்ல," என்றாள். பிறகு யாரோ பழம் கேட்டு வந்தார்கள். போய்விட்டாள்.

அடுத்த வாரம் நான் கப்பலுக்குத் திரும்பினேன். மீதி இருந்த டெக்கீலாவை அடுத்த விடுமுறையில் சித்தப்பாவும் நானும் அதே பாரில் உட்கார்ந்து குடித்து முடித்தோம். கடைக்காரர் எங்களோடு உட்கார்ந்தார். அவருக்கும் மெதுவாகக் குடிக்க வந்திருந்தது. மறுபடியும் கடைகளை மூட உத்தரவு வந்தபோது அவர் அந்த இடத்தில் டீக்கடை வைத்தார். சித்தப்பா தினமும் காலையில் அங்கே போய் ஒரு டீ குடிப்பார். அவர்களுக்குள் சிநேகம் இருந்தது என்று சொல்லமாட்டேன். அதிகம் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை அப்பா சித்தப்பாவை மாங்காட்டுக்குக் கூட்டிப்போவார். அவள் வா என்றும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. சித்தப்பா சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழங்களைத் தடவிப் பார்த்து, அழுகலை ஒதுக்கிக் கொடுப்பார். அப்பா வேப்பமரத்தடியிலேயே நின்றுகொள்வார்.

அவள் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது எங்களை அழைக்கவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். "கூப்பிடறதுக்கு நாம இன்னா செஞ்சோம்?" என்றார் அப்பா. சித்தப்பா அன்று டீக்கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.